போனுக்குள் வந்த முந்நூற்றி நாலு

பிரிட்ஜ் விளையாடத் தெரியுமா என்று கேட்டால் யாழ்ப்பாணத்தில் அனேகமானோர் இல்லை என்றுதான் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. "எங்களிட்டை முந்நூற்றி நாலு இருக்கு" என்பேன். நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் சோடி, தாளைப் பார்த்துக் கேட்பது, கேட்டதை எடுத்துக் காட்டுவது, துரும்பால் வெட்டுவது என்று பிரிட்ஜுக்கு வேண்டிய எல்லாம் இதிலும் இருக்கிறது. பிரிட்ஜில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கடுதாசி அடிக்கிறவன் உருப்பட மாட்டான் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்த ஊர் இது. அப்படிச் சொன்னவர்களில் பலர் இரவானதும் விறாந்தையில் பாய் விரித்து அதே கடுதாசியைக் கையில் எடுத்தவர்கள்தான். 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் பிரிட்ஜை முதல்முறையாகச் சேர்த்தார்கள். ஆண்கள் சோடிப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர்கள் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும். ஒருவருக்கு 60 வயது, மற்றவருக்கு 56. அந்தச் செய்தியை வாசித்தபோது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலரின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அவர்களிடமும் அந்த மூளை இருந்தது. அவர்கள் ஆடிய ஆட்டத்துக்குத்தான் உலக மேசை இருக்கவில்லை.

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டில் இரண்டு முதல் ஆறு வரையுள்ள தாள்களை எடுத்துவிட்டால் மிச்சம் 32. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. எட்டும் ஏழும் வெறும் தாள். ஓர் இனத்துக்கு 76 வரும், நாலு இனத்துக்கும் சேர்த்து 304. பெயர் வந்தது அப்படித்தான். கிங்கையும் ஏஸையும் கீழே தள்ளி ஜாக்கையும் ஒன்பதையும் உச்சியில் வைக்கிற இந்த ஒழுங்கு கேரளத்தின் 28, 56 ஆட்டங்களிலும் வங்காளத்தின் 29இலும் உண்டு. சீட்டாட்டங்களை ஆராய்ந்தவர்கள் இவற்றையெல்லாம் ஐரோப்பாவின் ஜாஸ் குடும்பத்தோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் துரும்பில் ஜாக்தான் பெரிது, அடுத்தது ஒன்பது, ஏஸுக்கு 11, பத்துக்கு 10. ஒல்லாந்தர் 1658 தொடக்கம் 1795 வரை யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்தவர்கள். அவர்கள் வழியாக வந்திருக்கலாம் என்ற கருத்து உண்டு, எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

ஆட்டத்தின் உயிர் கேட்கிற இடத்தில் இருக்கிறது. முதலில் ஆளுக்கு நாலு தாள்தான் வரும். அந்த நாலை மட்டும் வைத்து, இன்னும் வராத நாலையும் சோடியின் கையையும் ஊகித்துக் கேட்க வேண்டும். ஆகக் குறைந்தது 160. மொத்தத்தில் பாதி 152, ஆகவே கேட்கிறவர் பாதிக்குமேல் எடுத்துத் தருவதாக வாக்குக் கொடுக்கிறார். கிளாவர் ஜாக், ஒன்பது, ஏழு, அதோடு ஆட்டின் ஏஸ் வந்திருக்கிறது என்று வையுங்கள். கையில் இருப்பது 61. மிச்சத்துக்குச் சோடியை நம்ப வேண்டும். கேட்டு எடுத்தவர் தன் கையிலிருந்து ஒரு தாளை, இங்கே அந்த வெறும் ஏழை, மேசையில் கவிழ்த்து வைப்பார். அதுதான் துரும்பு. எந்த இனம் என்பது அவருக்கு மட்டும் தெரியும், சோடிக்குக்கூடத் தெரியாது. அதன் பிறகுதான் அடுத்த நாலு தாள் வரும். அப்போதும் துணிவு இருந்தால் 250 என்று உயர்த்தலாம். அதற்கும் மேலே போனால், சோடி தன் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, ஒற்றை ஆளாக எட்டுச் சுற்றுத் தாளையும், அதாவது எட்டுப் பிடியையும், எடுக்கிறேன் என்று நிற்கலாம்.

பிரிட்ஜில் இல்லாதது என்று சொன்னது அந்தக் கவிழ்ந்த தாளைத்தான். பிரிட்ஜில் துரும்பு எது என்பது ஏலம் முடியும்போதே மேசையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். 304இல் தெரியாது. போட்ட இனம் உங்கள் கையில் இல்லையென்றால் ஒரு தாளைக் கவிழ்த்துப் போடுவீர்கள். துரும்பு இதுதான் என்று நினைத்து வெட்டியும் இருக்கலாம், தேவையில்லாத தாளைக் கழித்தும் இருக்கலாம். நாலு தாளும் விழுந்த பிறகு, துரும்பு வைத்தவர் கவிழ்ந்த தாளைத் தூக்கித் தான் மட்டும் பார்ப்பார். அது துரும்பென்றால் திறந்து காட்டி, கவிழ்த்து வைத்த துரும்பையும் திறக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தாள் கவிழ்ந்தபடியே குவியலுக்குப் போய்விடும், வேறு யாரும் பார்க்கக் கூடாது.

இந்த ஓர் இடத்தில் ஆட்டம் முழுவதும் ஒரு மனிதனின் நேர்மையில் தொங்குகிறது. அவர் பார்த்துவிட்டு "இல்லை" என்றால் இல்லைதான். கடைசியில் குவியலைப் புரட்டிப் பார்த்துச் சண்டை பிடிக்கலாம், ஆனால் எங்கள் வளவில் அப்படிப் புரட்டுவது மரியாதைக் குறைவு. சில பேரோடு விளையாடவே மாட்டோம் என்று பெரியவர்கள் சொன்னதற்குக் காரணம் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது அதே ஆட்டம் போனில் நடக்கிறது. தாளைத் தொட்டுத் தள்ளினால் கவிழ்ந்து விழுகிறது. தூக்கிப் பார்க்கும் வேலையைச் செயலி செய்துவிடுகிறது. பொய் சொல்ல வழியே இல்லை. நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் அது பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். மேசையில் துரும்பு வைத்தவர் அந்தக் கவிழ்ந்த தாளைக் கண்ணால் காண்கிறார். எதிராளி ஸ்பேட் பத்தைக் கழித்துவிட்டார் என்பது அவருக்கு மட்டும் தெரிகிறது. 160க்குப் பொறுப்பேற்றவருக்குக் கிடைக்கும் சலுகை அது. செயலி தானே சரிபார்த்துவிட்டு அவருக்குத் தாளைக் காட்டாமல் விட்டால், அந்தச் சலுகை போய்விடும், கேட்கிற துணிவும் அதோடு குறைந்துவிடும். காட்டுவதா விடுவதா என்பது எங்கோ இருந்து செயலியை எழுதுகிற ஒரு பொடியனின் முடிவு. அவன் யாரோடு விளையாடி வளர்ந்தானோ, அந்த வீட்டு 304தான் இனி எல்லோருடைய 304.

இந்தக் கதையை இவ்வளவு அக்கறையோடு எழுத அதுதான் காரணம். ஆனால் போனைக் குறை சொல்ல வரவில்லை. போன் இல்லாவிட்டால் எங்கள் சோடிகள் மீண்டும் ஒரு மேசைக்கு வந்தே இருக்க மாட்டார்கள்.

சின்ன வயதில் நான் 304 பழகியது மின்சாரம் இல்லாத காலத்தில். 1990 ஆனி மாதம் சண்டை மறுபடி தொடங்கியதோடு யாழ்ப்பாணத்துக்கு வரும் கரண்டும் நின்றது, றெயினும் நின்றது. மண்ணெண்ணெய் பவுண் விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் கொஞ்சம் எண்ணெயும் விட்டுத் திரி போட்ட விளக்கைச் சுற்றி நாலு பேர் இருந்தால் ஆட்டம் தொடங்கிவிடும், மற்றவர்கள் பின்னால் நின்று பார்ப்பார்கள். புதுக் கடுதாசிக் கட்டு எங்கே வாங்குவது? ஒரு தாள் கிழிந்தாலோ தொலைந்தாலோ, ஆட்டத்துக்கு வேண்டாமென்று எடுத்து வைத்த இருபதில் ஒன்றை எடுத்து, கிளாவர் மூன்றின் முகத்தில் நீலப் பேனையால் பெரிதாக 10 என்று எழுதுவோம். பின்பக்கம் எல்லாம் ஒரே மாதிரி என்பதால் எதிராளிக்குத் தெரியாது. எங்கள் கட்டில் அப்படிப் பேனையால் பிறந்த தாள்கள் கனக்க இருந்தன. அந்தக் கட்டு 1995 இடப்பெயர்வில் வீட்டோடு நின்றுவிட்டது.

அதற்கு முந்திய தலைமுறைக்கு றெயின். கொழும்பில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள் வெள்ளிக்கிழமை இரவு மெயில் றெயினில் ஏறினால் சூட்கேஸை மடியில் வைத்துக் கட்டைப் பிரிப்பார்கள். மாமா ஒருவர் சொல்லுவார், தனக்கு அனுராதபுரம் எப்படி இருக்கும் என்றே தெரியாதாம், ஒவ்வொரு முறையும் அந்த நேரத்தில் கையில் நல்ல தாள் இருக்குமாம். செத்த வீடுகளில் இரவு விழித்திருக்கவும் இதே ஆட்டம்தான். சிவராத்திரிக்கும் அப்படித்தான்.

பிறகு சோடிகள் உடைந்தன. ஒருவர் ரொறன்ரோ, ஒருவர் இலண்டன், ஒருவர் ஒஸ்லோ, ஒருவர் ஊரில். 304 இரண்டு பேர் ஆடுகிற ஆட்டமில்லை. மூன்று பேர் இருந்தாலும் சரிவராது. ஓர் ஊரில் நாலு பேர் சேர முடியாதபோது அது தானாக நின்றுவிடும். புலம்பெயர்ந்த இடங்களில் பழைய மாணவர் சங்கங்கள் 304 போட்டி வைத்து அதை உயிரோடு வைத்திருந்தார்கள், அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஊரில் எஞ்சியிருந்தவர்கள்தான் சோடியில்லாமல் இருந்தோம்.

எங்கள் குழுவை மறுபடி சேர்த்தது ஊரடங்கு. 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள், யாழ்ப்பாணத்தில் அது வாரக்கணக்கில் நீண்டது. உலகம் முழுவதும் பிரிட்ஜ் மன்றங்கள் அந்த மாதத்தில்தான் கதவை மூடி, பிரிட்ஜ் பேஸ் ஒன்லைன் என்ற தளத்துக்குள் போயின. அந்தத் தளம் 2001இலேயே கனடாவைச் சேர்ந்த ஃபிரெட் கிட்டல்மன் என்ற பிரிட்ஜ் வீரர் தொடங்கியது, ஆகவே அவர்களுக்கு மேசை ஆயத்தமாக இருந்தது. எங்களுக்கு வட்சப் குழுவும், ப்ளே ஸ்டோரில் 304 என்று தேடினால் கிடைத்த செயலியும்தான். கோடை காலத்தில் இங்கே இரவு எட்டரை என்றால் இலண்டனில் மாலை நாலு, ரொறன்ரோவில் காலை பதினொன்று. ஞாயிற்றுக்கிழமைக்கு அது அளவான நேரம். ஐப்பசி கடைசியில் இலண்டன்காரர் மணிக்கூட்டை மாற்றுவார், ஒரு கிழமை கழித்துக் கனடாக்காரர் மாற்றுவார், அந்த இடைக் கிழமையில் யாராவது ஒருவர் ஒரு மணித்தியாலம் காத்திருப்பார். மெல்பேர்னில் இருக்கிற மச்சானுக்கு மட்டும் எங்கள் நேரம் சாமம் ஒரு மணிக்குப் பிறகுதான். அவனுக்கு ஆசை இருந்தும் முடியவில்லை. 2022 பங்குனிக் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோதும் ஆட்டம் நிற்கவில்லை. போனில் சார்ஜ் இருந்தால் போதும், விளக்கு வேண்டாம்.

இனி கள்ளச் சைகை பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போன் உண்மையில் மாற்றியது அதைத்தான்.

மேசையில் 304 விளையாடியவர்களுக்கு இது தெரியும். "நூற்றி அறுபது" என்பதை எப்படிச் சொல்கிறார் என்பதிலேயே பாதி விசயம் சோடிக்குப் போய்விடும். உடனே சொன்னால் ஒன்று, தாளை ஒருமுறை விரித்து மூடிவிட்டுச் சொன்னால் வேறொன்று. செருமல், பெருமூச்சு, காதைச் சொறிவது, தாளை மேசையில் வைக்கிற சத்தம். சிலர் வருடக்கணக்காகச் சோடி சேர்ந்து ஒரு மொழியே வைத்திருந்தார்கள். அதை ஊரில் கெட்டித்தனம் என்று சொல்வார்கள், பிடிபட்டால் மட்டும் கள்ளம்.

பிரிட்ஜ் உலகம் இதோடு நூறு வருடமாக மல்லுக்கட்டுகிறது. 1975இல் பெர்மியூடா பவுல் உலகப் போட்டியில் மேசைக்குக் குறுக்காகத் திரை வைத்தார்கள், சோடி ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி. அந்தப் போட்டியிலேயே ஓர் இத்தாலியச் சோடிமேல் மேசைக்குக் கீழே காலால் தட்டிச் சைகை கொடுத்ததாகக் குற்றச்சாட்டு வந்தது, அதன் பிறகு கீழேயும் மறைப்பு. ஏலத்தை வாயால் சொல்லக் கூடாது, அட்டையை எடுத்து வைக்க வேண்டும் என்றார்கள். அப்படியும் 2013இல் பாலியில் நடந்த உலக மூத்தோர் போட்டியில் ஒரு ஜெர்மன் சோடி, இருவரும் வைத்தியர்கள், இருமி இருமிச் சைகை கொடுத்துத் தங்கம் வென்றார்கள். அடுத்த வருடம் விசாரணையில் அகப்பட்டுத் தடை வாங்கினார்கள்.

பிரிட்ஜ் இத்தனை பாடுபட்டுத் தேடிய திரை போனில் இலவசமாகவே வந்துவிடுகிறது. முகம் இல்லை, குரல் இல்லை. திரையில் 160 என்ற எண் மட்டும் வரும், எல்லோருடைய 160உம் ஒரே எழுத்தில். முதல் சில கிழமை எங்கள் குழுவில் எல்லோருக்கும் இது சப்பென்று இருந்தது. சோடி என்ன வைத்திருக்கிறார் என்று ஒன்றுமே விளங்கவில்லை என்றார்கள். பிறகுதான் ஒவ்வொருவரும் தாளைப் பார்க்கத் தொடங்கினார்கள். சோடி ஏன் முதல் பிடிக்கு ஏஸைப் போடாமல் எட்டைப் போட்டார்? 170க்குப் போயிருக்கக்கூடியவர் ஏன் 160இல் விட்டார்? எதிராளி போட்ட ஆட்டினுக்கு ஏன் கவிழ்த்தார்? இவை எதையும் ஒளிக்க முடியாது, மேசையில் உள்ள நாலு பேரும் பார்க்கிற சைகை இவை. எதிராளிக்கும் தெரிகிற தாளைக் கொண்டு சோடிக்குச் சேதி சொல்ல வேண்டியிருக்கிறது. 304 இவ்வளவு ஆழமான ஆட்டம் என்பது முகம் மறைந்த பிறகுதான் எனக்கு முழுதாக விளங்கியது. கண்ணசைவிலும் செருமலிலும் ஆடிய காலத்தில் தாளுக்கு வேலை குறைவாக இருந்திருக்கிறது.

போனிலும் கள்ளம் செய்யலாம், மறுக்கவில்லை. செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் வட்சப்பில் சோடிக்கு எழுதினால் யாருக்குத் தெரியும்? 2020இல் ஒன்லைன் பிரிட்ஜில் பெரிய பெரிய வீரர்களே வேறொரு கணக்கில் பார்வையாளராக நுழைந்து மற்றவர்களின் தாளைப் பார்த்ததாக ஒத்துக்கொண்டார்கள். எங்கள் குழுவில் அதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஆட்டம் நடக்கும்போது நாலு பேரும் ஒரே அழைப்பில் இருப்போம், ஆனால் கேட்டு முடிந்து துரும்பு வைக்கும்வரை எல்லோரும் மைக்கை மூடிவிடுவோம். தாள் விழத் தொடங்கியதும் திறக்கலாம். ஊர்ப் புதினம் கதைக்கலாம், தாளைப் பற்றிக் கதைக்கக் கூடாது. ஒரு கை முடிந்ததும் வேண்டிய அளவு சண்டை பிடிக்கலாம். "மச்சான், நீ அந்த ஒன்பதை வைச்சுக்கொண்டே எனக்குப் பாஸ் சொன்னனீ?" என்று தொடங்கினால் அடுத்த கை தொடங்கப் பத்து நிமிடமாகும். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள்.

"போன் தாள் தராது" என்று ஒரு முறைப்பாட்டையும் அடிக்கடி கேட்கிறேன். மேசையில் 250 கேட்ட கைகள் எத்தனை, போனில் ஒன்றும் வருகுதில்லை, செயலி ஏமாற்றுகிறது என்பார்கள். பிரிட்ஜிலும் கணினி தாள் போடத் தொடங்கிய காலத்தில் இதே முறைப்பாடு வந்தது, ஆனால் நேர்மாறாக. கணினியின் கைகள் ஒரு பக்கமாகச் சரிந்து, பயங்கரமாக வருகின்றன என்றார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நாங்கள் கையால் கலைப்பது போதாது. 1992இல் டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரு கணித அறிஞர்கள், 52 தாள் கட்டு ஒழுங்காகக் கலைய ஏழு முறையாவது இரண்டாகப் பிரித்துக் கோத்துக் கலைக்க வேண்டும் என்று காட்டினார்கள். எங்கள் ஊரில் யார் ஏழு முறை கலைக்கிறார்கள்?

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு பிடியில் விழுகிற நாலு தாளும் பெரும்பாலும் ஒரே இனம். அவை ஒன்றன்மேல் ஒன்றாக அப்படியே குவியலுக்குப் போகின்றன. பிரிட்ஜில் ஒவ்வொரு தாளாகப் போடுவதால் அந்த நாலும் நாலு பேருக்குப் பிரிந்துவிடும், கைகள் சமனாக வரும். எங்கள் பக்கம் 304க்கு நாலு நாலாகப் போடுவோம். அரைகுறையாகக் கலைத்த கட்டில் அந்த ஒரே இனத்து நாலும் ஒருவர் கைக்கே போகும். அப்போது 250 கேட்காமல் என்ன செய்வது? போன் ஒழுங்காகக் கலைக்கிறது, அவ்வளவுதான். 32 தாளில் நாலை எடுக்க 35,960 வழி உண்டு. அதில் நாலும் ஒரே இனமாக இருப்பவை 280. அதாவது ஏறத்தாழ 128 முறைக்கு ஒருமுறை. ஓர் இனத்தின் ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து முதல் நாலு தாளுக்குள் உங்களுக்கு வருவது ஏறத்தாழ 21 முறைக்கு ஒருமுறை. இந்தக் கணக்கைக் குழுவில் போட்ட பிறகு முறைப்பாடு குறைந்தது. ஒரு அண்ணை மட்டும் இன்னும் நம்பவில்லை.

ஆள் கிடைக்காத நாளில் செயலியே மற்ற மூன்று பேராக ஆடும். பழகுவதற்கு அது நல்லது, அதற்குமேல் எனக்குத் திருப்தியில்லை. எதிராளியாக இருந்தால் பரவாயில்லை, சோடியாக இருந்தால்தான் பொறுக்க முடியாது. நான் 160க்குப் போய் அது விட்ட பிறகு, நான் எதை நம்பிக் கேட்டேன் என்று அது யோசிப்பதாகத் தெரியவில்லை. இதில் இந்தச் சின்னச் செயலியைக் குறை சொல்லவும் முடியாது. சதுரங்கத்தில் 1997இலேயே கணினி உலக வீரரை வென்றது, கோ ஆட்டத்தில் 2016இல் வென்றது. பிரிட்ஜில் 2022 மார்ச்சில்தான் பாரிசில் நூக்ஏஐ என்ற நிறுவனத்தின் நிரல் எட்டு உலகச் சாம்பியன்களை 80 தொகுதிகளில் 67இல் முந்தியது, அதுவும் ஏலம் கேட்கும் பகுதியை விட்டுவிட்டு. சதுரங்கப் பலகையில் எல்லாம் கண்ணுக்கு முன்னே இருக்கிறது. இங்கே பாதி மறைந்திருக்கிறது, மிச்சப் பாதி இன்னொரு மனிதனின் மனதில் இருக்கிறது. நாலு தாளோடு கேட்டு, துரும்பையும் கவிழ்த்து வைக்கிற 304ஐ நன்றாக ஆடுகிற நிரலை யாராவது எழுதினால் நான் மிகவும் மதிப்பேன்.

காசு பற்றி ஒரு சொல். போனில் கடுதாசி என்றாலே இன்று பலருக்குக் காசு கட்டுகிற ரம்மிதான் ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டில் அது எத்தனை குடும்பத்தை அழித்தது என்று பார்த்தோம். அங்கே 2022இல் தடைச் சட்டம், பிறகு நீதிமன்றம், கடைசியில் 2025 ஆவணியில் இந்தியா முழுவதற்கும் காசு கட்டும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து மத்திய அரசே சட்டம் கொண்டுவந்தது. 304க்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். 304இல் தோற்றால் பெயர்தான் போகும். பிள்ளைக்குப் பழக்கும்போது விளம்பரம் வந்து வேறெங்கும் இழுத்துப் போகாத செயலியாகப் பார்த்துப் பழக்குங்கள், முதல் சில நாள் பக்கத்தில் இருங்கள்.

இனி, செயலி எழுதுகிறவரின் முடிவு பற்றி முன்பு சொன்ன விசயத்துக்கு வருகிறேன். 304க்கு எழுதி வைத்த ஒரே சட்டம் என்று ஒன்று கிடையாது. பிரிட்ஜுக்கு 1925இல் ஹரோல்ட் வாண்டர்பில்ட் ஒரு கப்பல் பயணத்தில் புள்ளிக் கணக்கைத் திருத்தி எழுதினார், அதைக் கொஞ்சக் காலத்திலேயே உலகம் பிடித்துக்கொண்டது, இன்று உலகச் சம்மேளனம் சட்டம் எழுதுகிறது. எங்கள் ஆட்டம் வாய்வழியாக வளர்ந்தது. வடமராட்சியில் ஒரு மாதிரி, தீவுப்பக்கம் ஒரு மாதிரி, ஒரே ஒழுங்கையில் இரண்டு வீட்டில் இரண்டு மாதிரி. கையில் புள்ளி மிகக் குறைவாக வந்தால் மறுபடி கலைக்கச் சொல்லலாமா, எவ்வளவுக்குக் குறைந்தால்? "பாட்னர்" என்று சொல்லிக் கேள்வியைச் சோடியிடம் தள்ளலாமா? மிச்சமுள்ள பிடி எல்லாம் தன் பக்கம்தான் என்று உறுதியான கணமே "கப்ஸ்" சொல்ல வேண்டும், பிந்தினால் தண்டனை என்று நாங்கள் ஆடினோம். அந்தக் கணம் எது என்பதில்தான் எங்கள் வளவின் மிகப் பெரிய சண்டைகள் நடந்தன. ஒரு செயலி இதற்கெல்லாம் ஒரே ஒரு பதிலைத்தான் வைத்திருக்கும். பதினைந்து வயதுப் பிள்ளை அந்தப் பதிலைத்தான் 304 என்று பழகும், அப்பப்பா விளையாடியதைப் பிழை என்று சொல்லும்.

செயலி எழுதுகிற பொடியளுக்கு நான் கேட்பது இதுதான். தெரிவுகளை வையுங்கள். தனி மேசை திறக்கிறவர், கவிழ்ந்த தாளைத் துரும்புக்காரருக்குக் காட்டுவதா, மறுகலைப்பு உண்டா, கப்ஸுக்குத் தண்டனை உண்டா என்று தாங்களே தீர்மானிக்க விடுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள், கண்புரை வெட்டிய கண்ணுக்கு எட்டுத் தாளும் ஒரு சின்னத் திரையில் தெரிய வேண்டும். தமிழில் வையுங்கள்.

வாசிக்கிற உங்களிடம் கேட்பது வேறு. வீட்டில் 304 ஆடிய பெரியவர் இருந்தால் இந்தக் கிழமையே அவருக்குப் பக்கத்தில் இருந்து, உங்கள் வீட்டுச் சட்டத்தை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எத்தனை தாளோடு கேட்டீர்கள், புள்ளியை எதில் எண்ணினீர்கள், கல்லா, புளியங்கொட்டையா, ஆட்டத்துக்கு வேண்டாத தாளா? தோற்றவர் என்ன செய்ய வேண்டும்? 250க்கு மேல் போனால் கணக்கு என்ன? எந்த ஊர், யாரிடம் பழகியது என்பதையும் எழுதுங்கள். எழுதியதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினால் ஒன்றாகச் சேர்த்து, ஊர் பெயரோடு இங்கேயே போடுகிறேன். எங்கள் வீட்டுச் சட்டத்தை அடுத்த பதிவில் தருகிறேன். அதில் கப்ஸ் பற்றிய பகுதியை ரொறன்ரோவில் இருக்கிற சித்தப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அவருடைய பக்கத்தையும் சேர்த்தே போடுவேன்.